தூத்துக்குடியில ரெண்டு நாள்: தங்குன வீட்டுக்கு ரெண்டு ஸ்டார், மக்ரூனுக்கு அஞ்சுக்கு ஆறு

மொதல்லயே சொல்லிர்றேன், இது நாங்க ஆப்ல புக் பண்ணி தங்குன வீட்டுக்கு எழுத ஆரம்பிச்ச ரிவியூ தான். அந்த ஆப்ல ரெண்டு பாராவுக்கு மேல டைப் பண்ண விட மாட்டேங்குது, எனக்கோ வயித்தெரிச்சல் ரெண்டு பாராவுல அடங்காது, அதான் ஊரையும் சேத்து இங்கிட்டு எழுதுறேன். வீட்டோட பேரப் போடல, ஏன்னா டெபாசிட் விவகாரம் கடைசி வரைக்கும் இழுத்துச்சு, அது பின்னாடி வருது.

நாங்க அஞ்சு பேரு. நான் செல்லூரு, மத்தவய்ங்க ஆனையூரு, சிம்மக்கல், பழங்காநத்தம்னு ஆளுக்கொரு மூலை. ஒருத்தன் பேங்க்ல இருக்கான், ஒருத்தன் ஸ்கூல் வாத்தி, ஒருத்தன் மொபைல் கடை வச்சிருக்கான், இன்னொருத்தன் எர்டிகா வச்சிருக்கான், அவனுக்கு அதைத் தவிர வேற அறிமுகம் தேவையில்ல. மதுரைக்காரனுக்கு வீக்எண்டுன்னா ஒன்னு கொடைக்கானல், இல்லாட்டி ராமேஸ்வரம். கொடைக்கானல் மலைப்பாதையில ஏப்ரல்ல வண்டிய விட்டா பாதி லீவு டிராபிக்லயே போயிரும், ராமேஸ்வரத்துக்கு போனா வாத்தி ஒவ்வொரு தீர்த்தமா குளிக்கணும்பான், இருபத்திரெண்டும் முடிச்சிட்டு தான் சோறும்பான். அதனால சித்திரைத் திருவிழா கூட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒரு சனி ஞாயிறு தூத்துக்குடின்னு முடிவாச்சு. "அங்க என்னடா இருக்கு, துறைமுகமும் உப்பும் தான"ன்னு பேங்க்காரன் கேட்டான், உண்மையச் சொன்னா யாருக்கும் பதில் தெரியல.

ரோட்டப் பத்தி ரொம்ப சொல்ல ஒன்னுமில்ல, நாலு வழிச்சாலை, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியா நூத்தி நாப்பது கிலோமீட்டர் கிட்ட வரும், ரெண்டே கால் மணி நேரத்துல போயிரலாம். வண்டி இல்லைன்னா மாட்டுத்தாவணியில பஸ் இருக்கு, நைட்டு ரயிலும் இருக்கு. அருப்புக்கோட்டை தாண்டுனா ரெண்டு பக்கமும் கரிசக்காடு, வெட்ட வெளி, ஏசி போட்ட வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டே கண்ணு கூசும். எட்டயபுரத்துல மட்டும் பைபாஸ விட்டு உள்ள இறங்கி பாரதியார் பொறந்த வீட்டப் பாத்தோம், 1882ல அவரு பொறந்த வீடு. சின்ன வீடு தான், சுத்திப் பாக்க கால் மணி நேரம் போதும், ஆனா வாத்தி கூட வந்தா ஒரு மணி நேரம் ஆகும்.

இப்ப வீட்டுக்கு வரேன். ஆப்ல போட்டோ பாத்தீங்கன்னா பால்கனி முழுக்க நீலக்கடல், ஒரு மூங்கில் சேர், அதுல ஒரு இளநி வேற. "சீ வியூ பால்கனி, ரெண்டு பெட்ரூம், ரெண்டும் ஏசி, கிச்சன் வசதி உண்டு, பீச்சுக்கு நடந்தே போகலாம்"னு எழுதிருந்தாய்ங்க. ஒரு நைட்டுக்கு 4,800 ரூபா, டெபாசிட் 2,000. அஞ்சால வகுத்தா ஒன்னுமில்லைன்னு தான் போட்டோம். போயி பாத்தா பால்கனிக்கு முன்னாடி பக்கத்து வீட்டு மொட்டமாடி, அதுல ரெண்டு கருப்பு சின்டெக்ஸ் டேங்க், அந்த ரெண்டு டேங்குக்கும் நடுவுல ஒரு சாண் அகலத்துக்கு கடல் தெரியுது. தெரியலைன்னு சொல்ல முடியாது, தெரியுது. பேங்க்காரன் பிளாஸ்டிக் சேர் மேல ஏறி நின்னு பாத்துட்டு "மாப்ள, இங்கருந்து ரெண்டு சாண் தெரியுதுடா"ன்னான். போட்டோ எடுத்தவன் எந்த டேங்க் மேல ஏறி எடுத்தான்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குள்ள சண்டை. மூங்கில் சேரும் இல்ல.

ரெண்டு ஏசியில ஒன்னு காத்து மட்டும் தான் விட்டுச்சு, அந்த ரூம்ல யாரு படுக்குறதுன்னு சீட்டு போட்டோம், எனக்கும் மொபைல் கடைக்காரனுக்கும் விழுந்துச்சு. கிச்சன் வசதின்னா அடுப்பு இருந்துச்சு, சிலிண்டர் காலி. பன்னெண்டு மணிக்கு செக்இன்னு போட்டுட்டு சாவி கைக்கு வந்தது ஒன்றரைக்கு. பீச்சுக்கு நடந்து போகலாமாம், போகலாம், எட்டயபுரத்துலருந்து கூட தான் நடந்து வரலாம்.

அடுத்தது தண்ணி. குளிக்கிற தண்ணி போர் தண்ணி, வாயில பட்டா உப்பு கரிக்குது, சோப்பு எம்புட்டு தேச்சாலும் நுரைக்கல, தலைக்கு ஊத்திட்டு வந்தவன் முடியெல்லாம் தேங்கா நாரு மாதிரி நட்டுக்கிட்டு நிக்குது. நான் ஓனருக்கு போன் போட்டு சத்தம் போட ரெடியாயிட்டேன், அப்ப தான் வீட்டப் பாத்துக்கிற அண்ணாச்சி வந்தாரு, அறுபது வயசு இருக்கும், கைலியும் துண்டும். "ஊரே அப்படித்தான் தம்பி, நாலு கொடம் வல்லநாட்டு தண்ணி பிடிச்சி வச்சிருக்கேன், சோப்பெல்லாம் இந்த தண்ணியில போட்டுக்கிடுங்க, கடைசி ரெண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணிய ஊத்துங்க, சரியாயிரும்"னாரு. சரியாச்சு. இதை அந்த ஆப்ல ஒரு வரி எழுதி வச்சிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? வல்லநாட்டுலருந்து தாமிரபரணி தண்ணி குழாயில வர்ற ஊரு, அதை கொடத்துல பிடிச்சு வச்சு தர்ற ஆளும் இருக்காரு, அதப் போடாம இல்லாத கடலப் போட்டிருக்காய்ங்க.

மத்தியானம் மீன் சாப்பாடுக்கு கெளம்புனோம். இங்க தான் எங்க அறிவு வெளிய வந்துச்சு. கடற்கரை ஊருக்கு போறோம், மீனு மலையா குவிஞ்சு கெடக்கும்னு நெனச்சு போனா, ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலமாம், 61 நாளு விசைப்படகு எதுவும் கடலுக்கு போகாது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம். வருசா வருசம் செய்தியில படிக்கிறது தான், டிரிப் போடும்போது எவனுக்காச்சும் ஞாபகம் வரணுமே. படகெல்லாம் வரிசையா கட்டிக் கெடக்கு, சில படகுக்கு பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருக்காய்ங்க. அண்ணாச்சி தான் வழி சொன்னாரு, நாட்டுப்படகு மட்டும் போகும், அதுல வர்ற மீன வாங்கி சமைக்கிற ஒரு மெஸ் இருக்கு, போர்டு கூட இருக்காது, வாசல்ல வேப்பமரம் இருக்கும்னு.

அந்த மெஸ்ஸுக்கு நாலு ஸ்டார். நம்ம ஊர்ல வஞ்சிரம்னு விக்கிறத அங்க சீலாங்கிறாங்க, அது அன்னைக்கு இல்ல. விளமீன் குழம்பும் சாளை வறுவலும் தான் இருந்துச்சு. குழம்புல தேங்கா அரைச்சு ஊத்தி, புளி நம்ம ஊரு மாதிரி கடுகடுன்னு இல்லாம கொஞ்சம் இறங்கி நிக்குது. சாளைய முள்ளோட கடிச்சுத் திங்கிற அளவுக்கு முறுகலா பொரிச்சிருந்தாங்க, ஒரு தட்டுல ஆறு, நாங்க அஞ்சு தட்டு வாங்குனோம். சோறு தான் கொஞ்சம் கொழைஞ்சிருந்துச்சு, ஒரு ஸ்டார் அதுக்கு தான் போச்சு. வாத்தி சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டான், பெருமாளுக்கு விரதம், அவன் பாட்டுக்கு மோரும் ஊறுகாயும் வச்சு முடிச்சுக்கிட்டு எங்க தட்டையே பாத்துக்கிட்டு இருந்தான்.

சாப்பிட்டு வந்து மூணு மணி நேரம் தூங்குனோம், இது முக்கியம். மதுரை வெயிலுக்கு பழகுனவய்ங்க நாம, நமக்கென்னன்னு நெனைக்காதீங்க. நம்ம ஊரு வெயிலு சுட்டுட்டு போயிரும், அங்க வெயிலு உடம்புல ஒட்டிக்கிட்டே கூட வருது. வேர்வை காயவே காயாது. ரெண்டு மணிக்கு வெளிய சுத்துறவன் உள்ளூர்க்காரனா இருக்க மாட்டான்.

சாயங்காலம் மக்ரூன். இதுக்குத்தான் ஊருக்கே போகணும். டபிள்யூ.ஜி.சி. ரோட்டுப் பக்கம் பேக்கரி நெறைய இருக்கு, எந்தக் கடைன்னு கேக்காதீங்க, தூத்துக்குடிக்காரன் நாலு பேர்கிட்ட கேட்டா நாலு கடை சொல்றான், நான் ஒன்னச் சொல்லி மத்த மூணு பேருகிட்ட வாங்கிக் கட்டிக்க விரும்பல. நாங்க வாங்குன கடையில கண்ணாடி பாட்டில்ல அடுக்கி வச்சிருந்தாங்க. சின்னதா கூம்பு, சங்கு மாதிரி சுருண்டு சுருண்டு மேல போயி ஒரு மொனையில முடியுது, கலரு சந்தனமும் இல்ல வெள்ளையும் இல்ல. கையில எடுத்தா வெயிட்டே தெரியல, உள்ள காலியோன்னு சந்தேகம் வருது. வாயில போட்டா மேல ஓடு மட்டும் ஒரு தடவ "சரக்"ங்குது, அவ்வளவுதான், அப்புறம் கடிக்க ஒன்னுமில்ல, கரைஞ்சு போயி நாக்குல முந்திரிப்பருப்போட நறநறப்பு மட்டும் கொஞ்ச நேரம் நிக்குது. அடுத்தத கை தானா எடுக்குது.

கடைக்கார அண்ணாச்சி கூட்டமில்லாத நேரமா பாத்து கேட்டதால வெலாவாரியா சொன்னாரு. மைதா கெடையாது, நெய் கெடையாது, மொத்தமே மூணு சாமான், முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு. வெள்ளைக்கருவ சீனி போட்டு அடிக்கணும், எம்புட்டுன்னா பாத்திரத்த கவுத்தா கீழ விழாத அளவுக்கு. அதுல முந்திரித்தூள பதமா கலந்து, பேப்பர கூம்பா சுத்தி அதுல வச்சு ஒன்னொன்னா பிழியணும், அப்புறம் கொறைஞ்ச சூட்டுல ராத்திரி முழுக்க அடுப்புல கெடக்கணும், அவசரப்பட்டா செவந்து போயிரும். போர்ச்சுகீசுக்காரன் வழியா வந்த பலகாரம், அவன் ஊருல பாதாம் போடுவான், இங்க முந்திரி ஆச்சுன்னாரு.

வெள்ளைக்கருன்னு அவரு சொன்ன நேரத்துல வாத்தி நாலாவது மக்ரூன கையில வச்சிருந்தான். அப்படியே நின்னான். கையில இருக்குறத என்ன பண்ணன்னு எங்களப் பாத்தான். "மூணு போனது போனது தான, நாலுக்கும் சேத்து நாளைக்கு கும்பிட்டுக்க"ன்னு எர்டிகாக்காரன் சொல்ல, முழுங்கிட்டான். சுத்த சைவம் சாப்பிடுறவங்களுக்கு யாரும் போர்டு வைக்க மாட்டாங்க, நீங்களா தெரிஞ்சுக்கோங்க.

விலையக் கேட்டு பேங்க்காரன் "கிலோவுக்கா?"ன்னு ரெண்டு தடவ கேட்டான். முந்திரி விலை தெரிஞ்சவன் கேக்க மாட்டான். ஆனா ஒரு எச்சரிக்கை, காத்து பட்டா போச்சு. நான் கால் கிலோ பாக்கெட்ட பிரிச்சு ரெண்டு தின்னுட்டு அந்த ஏசி ஓடாத ரூம்லயே வச்சிட்டு தூங்கிட்டேன், காலையில பாத்தா நமுத்துப்போயி ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு சூயிங்கம் மாதிரி இழுக்குது. எவர்சில்வர் டப்பா ஒன்னு கையோட கொண்டு போங்க, மூடி டைட்டா இருக்கணும்.

அப்புறம் பனிமய மாதா கோவிலுக்கு போனோம், 1713ல கட்டுனது, 1982ல பசிலிக்கான்னு அந்தஸ்து கொடுத்திருக்காங்க, ஆகஸ்ட் 5 திருவிழா. உள்ள நல்ல காத்து, அமைதியா இருந்துச்சு, அந்த வெயிலுக்கு பத்து நிமிசம் உக்காந்ததே பெரிய நிம்மதி. பீச் ரோட்டுல ரோச் பார்க்குல புள்ளைங்க கூட்டம், சுண்டல், மாங்கா. கடல் அங்க நம்ம தெப்பக்குளம் அளவுக்கு அமைதி, அலையே இல்ல, எதுத்தாப்புல தீவுகளும் இலங்கையும் மறிச்சுக்கிட்டு இருக்கதால அப்படின்னாய்ங்க. மெரினா மாதிரி அலையில கால நனைச்சு ஆட்டம் போடணும்னு போனா ஏமாந்துருவீங்க. பழைய துறைமுகத்துப் பக்கம் மரத்துல செஞ்ச தோணிங்க நின்னுச்சு, இன்னைக்கும் மாலத்தீவுக்கு சாமான் ஏத்திக்கிட்டு போகுதாம், வ.உ.சி. 1906ல கப்பல் கம்பெனி ஆரம்பிச்ச ஊரு இல்லையா, வாத்தி அங்கயும் கிளாஸ் எடுத்தான். பேங்க்காரன் பொண்டாட்டிக்கு முத்து வாங்கணும்னு கடை கடையா ஏறுனான், கடைசியா இங்க முத்துக்குளிப்பு நடந்ததே 1961ல தான்னு ஒரு கடைக்காரரே நேர்மையா சொல்லி அனுப்பிட்டாரு. முத்து நகர்ல முத்து இல்ல, சீ வியூ வீட்டுல சீ இல்ல.

நைட்டு அண்ணாச்சிகிட்ட எங்க சாப்பிடன்னு கேட்டோம். "நைட் கிளப்புக்கு போங்க"ன்னாரு. எங்க அஞ்சு பேரு மூஞ்சியும் எப்படி இருந்துருக்கும்னு நெனச்சுப் பாருங்க. மொபைல் கடைக்காரன் உள்ள போயி சட்டைய மாத்திட்டு சென்ட் அடிச்சுட்டு வந்துட்டான். போனா பரோட்டாக் கடை! அந்த ஊர்ல சாயங்காலத்துக்கு மேல தொறக்குற பரோட்டாக் கடைக்கு பேரே நைட் கிளப்பு. சென்ட் வாசத்தோட சால்னா முன்னாடி உக்காந்தான்.

மதுரைக்காரன் பரோட்டாவுக்கு வேற ஊர்ல மார்க் போட மாட்டான், நானும் அப்படித்தான் போனேன். ஆனா அது வேற ஜாதி. நம்ம பன் பரோட்டா பஞ்சு மாதிரி இருக்கும், அங்க சின்னதா தட்டி, நடுவுல குழிஞ்ச கல்லுல எண்ணெய ஊத்தி, ஓரத்துல வேகவச்ச பரோட்டாவ உள்ள தள்ளி பொரிக்கிறாய்ங்க. மாஸ்டர் ஒரு தடவையில எட்டு பத்து தள்ளுறாரு, எண்ணெய் கொப்பளிக்குது, எடுத்து வடிச்சு இலையில போட்டா அப்பளம் நொறுங்குற மாதிரி நொறுங்குது. அதை பிச்சுப்போட்டு மேல கோழி சால்னாவ ஊத்தி ஊறுறதுக்குள்ள சாப்பிடணும், பாதி மொறுமொறு, பாதி ஊறுனது, அந்த நடு நேரம் தான் ருசி. பேசிக்கிட்டே சாப்பிட்டா போச்சு, கூழாயிரும். சால்னாவ பொறுத்தவரை எனக்கு நம்ம ஊரு தான் மேல, காரம் அங்க ஒரு படி கம்மி. பரோட்டாவுக்கு மட்டும் தோல்விய ஒத்துக்கிறேன். ஆளுக்கு எட்டு, வாத்திக்கு மட்டும் பன்னெண்டு மணி தாண்டி ஞாயித்துக்கெழமை பொறக்கணும், அதுவரைக்கும் கடை தாங்கல, தேங்கா சட்னி கேட்டு வாங்கி சாப்பிட்டான் பாவம்.

ஞாயித்துக்கெழமை காலையில சூரிய உதயம், கடல் கெழக்கப் பாத்த ஊரு, அதனால சாயங்கால அஸ்தமன போட்டோவெல்லாம் கெடைக்காது, காலையில தான் எந்திரிக்கணும். எந்திரிச்சோம், நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் வீட்டக் காலி பண்ணிட்டு திருச்செந்தூர் ரோட்டுல முள்ளக்காடு தாண்டி உப்பளத்தப் பாத்தது தான் ரெண்டு நாள்லயும் மனசுல நிக்குது. ஏழரை மணி தான், அதுக்குள்ள கண்ணத் தொறக்க முடியல, கீழ வெள்ளை, மேல வெள்ளை. பாத்தி பாத்தியா தண்ணி, ஒன்னு பச்சையா, ஒன்னு லேசா ரோஸ் கலரா, காய்ச்சுன பால்ல ஆடை படியிற மாதிரி தண்ணி மேல உப்பு படிஞ்சுக்கிட்டு இருக்கு. சேலைக்கு மேல ஃபுல் ஹேண்ட் சட்டை போட்டு தலையில துண்டு கட்டுன ஒரு அக்கா, நீளக் கம்புல மாட்டுன பலகையால உப்ப வாரி கரையில ஒதுக்கிக்கிட்டு இருந்தாங்க. விடியுறதுக்கு முன்னாடியே வந்து பாதி வேலை முடிச்சிட்டாங்களாம். கடல் தண்ணி அப்படியே உப்பாயிராதாம், ஒரு பாத்தியில நின்னு வத்தி, உப்புத்தன்மை டிகிரி டிகிரியா ஏறி, அப்புறம் அடுத்ததுக்கு விட்டு, கடைசியா தான் உப்பு எறங்குற பாத்திக்கு வருமாம். மாசி பங்குனியில ஆரம்பிச்சா ஐப்பசி மழை வரைக்கும் தான் வேலை, அப்புறம் பாத்தியெல்லாம் மழைத்தண்ணியில கரைஞ்சுரும்.

எர்டிகாக்காரன் செல்ஃபிக்கு செருப்ப கழட்டிட்டு பாத்திக்குள்ள கால வச்சான். "ஏ தம்பி, காலுல புண்ணு கிண்ணு இருந்தா எறங்காத, உசுரு போயிரும்"னு அந்த அக்கா சொல்லி முடிக்கல, இவன் குதிச்சு வெளிய வந்துட்டான், முந்தின நாள் செருப்பு கடிச்ச எடம். அவங்க சிரிச்சுட்டே ரெண்டு கை உப்ப அள்ளி ஒரு கவர்ல போட்டுக் கொடுத்தாங்க, காசு வாங்கல. அவங்க பாதம் ரெண்டும் வெளுத்து வெடிச்சுப்போயி இருந்துச்சு. தமிழ்நாட்டு உப்புல பெரும்பங்கு இந்த மாவட்டத்துலருந்து தான் வருது, எங்க வீட்டு உப்பு ஜாடியில இருக்கறதும் இதா தான் இருக்கும்.

வழியில பதநி, பனை ஓலைய மடிச்சு பட்டை புடிச்சு அதுல ஊத்தித் தந்தாரு ஒரு தாத்தா, வெயில் ஏறுறதுக்குள்ள குடிக்கணும், அதுவே பத்து மணிக்கு மேலன்னா வேற ருசிக்கு போயிருது. திருச்செந்தூர்ல ஞாயித்துக்கெழமை கூட்டத்தப் பாத்துட்டு வெளியவே ஒரு கும்பிடு போட்டுட்டு மணப்பாடு போயிட்டோம். மணல் குன்று மேல கடலப் பாத்த திருச்சிலுவைக் கோவில், 1581ல கட்டுனது, கீழ சவேரியார் தங்குன குகை, அதுக்குள்ள ஒரு கெணறு. கடலு கைக்கெட்டுற தூரத்துல இருக்கு, கெணத்துத் தண்ணி கரிக்கல. நாங்க 4,800 கொடுத்து தங்குன வீட்டு பைப்ப நெனச்சுக்கிட்டோம். சீ வியூவும் அங்க தான் இருந்துச்சு, ஃப்ரீயா.

அதனால ஊருக்கு போகலாமான்னு கேட்டா போங்க, சுத்திப் பாக்குற ஊரா நெனைக்காம சாப்பிடுற ஊரா நெனச்சு போங்க, தடைக்காலம் இல்லாத மாசமா பாத்து போங்க, மத்தியானம் தூங்குங்க. அந்த வீட்டுல தங்கலாமான்னா வேணாம். அந்த ரெண்டு ஸ்டாரும் அண்ணாச்சிக்கும் அவரு புடிச்சு வச்ச நாலு கொடத்துக்கும்.

டெபாசிட் ரெண்டாயிரம் மூணு நாள்ல வரும்னாய்ங்க, பதினோரு நாள் கழிச்சு, ஆறு போனுக்கு அப்புறம், 1,500 வந்துச்சு. மீதி ஐநூறு கிளீனிங் சார்ஜாம். பெட்ஷீட்ல உப்பு இருந்துச்சாம்.